கணினி உறங்கப் போகும் இருபது விநாடிகள்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, வழக்கம்போல் நன்னெறி ஏதேனும் எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை ஒரு பாடம் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் போதித்து ஓய்வு பெற்றவன் நான். பாடம் எடுக்கும் பழக்கம் ஓய்வூதியத்தோடு நின்றுவிடுவதில்லை. கணினியின் இயக்குதளத்துக்குள் ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கும் இழைகள், தேவையான நேரத்தில் பத்திரமாக நிற்பது எப்படி என்பதே பாடத்தின் பொருள். ஆலய மலரில் இது எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உபயதாரர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு என்னுடையது. ஆலய அலுவலகத்தில் ஒரு மேசைக் கணினி, என் கையில் ஒரு பழைய மடிக்கணினி. இரண்டிலும் லினக்ஸ் இயக்குதளத்தை என் தங்கை மகன் போட்டுக் கொடுத்திருக்கிறான். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பது நிர்வாகக் குழுவுக்குப் பிடித்திருந்தது. அலுவலகக் கணினியில் உள்ள பதிவேட்டை என் மடிக்கணினியிலேயே திறந்து எழுதும்படி வலையமைப்பு வழியாக இணைப்பும் செய்து தந்தான்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அன்னதான உபயத்திற்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களை நாற்பதுக்கு மேல் தட்டச்சு செய்து முடித்தேன். இரவு மணி பதினொன்று. சேமிக்கும் பொத்தானை அழுத்தினேன். அது முடிந்ததா என்று பார்க்கவில்லை. மூடியை மூடினேன், பைக்குள் வைத்தேன், வீட்டுக்குப் போய்விட்டேன். மூடியை மூடினால் கணினி உறங்கிவிடும் என்பதுதானே நமக்குத் தெரிந்தது.

காலையில் பை அடுப்பில் வைத்த தோசைக்கல் போலச் சுட்டது. மின்கலம் அடியோடு தீர்ந்திருந்தது. மின்சாரம் கொடுத்துத் திறந்து பார்த்தால் முதல் நாள் மாலை வரை எழுதியது மட்டும் இருந்தது. இரவில் எழுதிய பெயர்களில் ஒன்றுகூட இல்லை. ரசீதின் அடிக்கட்டையை வைத்துப் பெரும்பாலானவற்றைத் திரும்ப எழுதிவிட்டேன். ஆனால் அன்றிரவு ரசீதுப் புத்தகம் தீர்ந்த பிறகு வந்து, பெயரை மட்டும் வாயால் சொல்லிவிட்டுப் போன சிலர் இருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பணம் எண்ணிக்கையில் சரியாக இருந்தது. விழாவன்று பெயர் வாசித்தபோது அந்த மூன்று பெயர்கள்தாம் இல்லை.

தங்கை மகன் சிங்கப்பூரில் மென்பொருள் வேலை பார்க்கிறான். வார இறுதியில் பாலத்தைக் கடந்து வந்தவனிடம் கணினியைக் கொடுத்தேன். பதிவுக் குறிப்பைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, நீங்க மூடினதும் அது தூங்கப் பாத்திருக்கு. இருபது விநாடி முயற்சி பண்ணிட்டு, முடியலேன்னு விட்டுடுச்சு. ராத்திரி பூரா பைக்குள்ள முழிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு."

அந்தக் குறிப்பை எனக்குக் காட்டினான். தமிழில் சொன்னால், "பணிகளை உறையவைப்பது 20 விநாடிக்குப் பின் தோல்வி, 1 பணி உறைய மறுக்கிறது" என்று வரும். மறுக்கிறது என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு நிரல் எப்படி மறுக்கும்? அதைத் தெரிந்துகொள்ளப் பல மாலைகள் ஆயின. கற்றதை இனிச் சொல்கிறேன்.

உள்ளே இருப்பவர்கள்

இயக்குதளத்தின் நடு மையத்திற்குக் கர்னல் என்று பெயர். வட்டு, விசைப்பலகை, நினைவகம், வலையமைப்பு ஆகிய அனைத்தும் அதன் ஆளுகையில் உள்ளன. நாம் திறக்கும் நிரல்கள் எல்லாம் கர்னலுக்கு வெளியே ஓடுகின்றன. ஏதேனும் வேண்டும்போது மட்டும் உள்ளே வந்து கேட்டுப் பெற்றுக்கொண்டு வெளியே போய்விடும்.

ஒரு கோயிலை எண்ணிக்கொள்ளுங்கள். பக்தர்கள் வருவார்கள், தரிசனம் முடிந்ததும் வெளியேறுவார்கள். ஆனால் மடைப்பள்ளியில் சமைப்பவர், சாமான் அறையைப் பார்ப்பவர், விளக்குக்கு எண்ணெய் விடுபவர் ஆகியோர் வாசல் பக்கம் வருவதே இல்லை. உள்ளேயே பிறந்தவர்போல் உள்ளேயே இருப்பார்கள். கர்னலுக்குள்ளும் இத்தகைய வேலையாட்கள் உண்டு. அவற்றைத்தான் கர்னல் இழைகள் என்கிறோம். லினக்ஸில் 'பிஎஸ்' என்ற கட்டளையைக் கொடுத்து எல்லாப் பணிகளையும் பட்டியலிட்டால், சதுர அடைப்புக்குள் பெயர் போட்டு வருபவை இவைதாம். என் சிறிய மடிக்கணினியிலேயே நூற்றுக்கு மேல் எண்ணினேன்.

இப்போது கோயிலைச் சாத்த வேண்டும் என்று வையுங்கள். பக்தர்களுக்கு மணி அடித்தால் போதும். எப்படியும் வாசல் வழியாகத்தான் போக வேண்டும், வாசலில் நிறுத்திக்கொள்ளலாம். வெளி நிரல்களைக் கணினி நிறுத்தும் முறையும் இதுவே. அவற்றுக்கு ஒரு போலிச் சைகை அனுப்பப்படும். கர்னலை விட்டு வெளியேறும் வாசலில் அந்தச் சைகை தட்டுப்பட்டு, நிரல் அங்கேயே உறைந்து நிற்கும். நிரலை எழுதியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மடைப்பள்ளிக்காரருக்கு இந்த உபாயம் செல்லாது. அவர் வாசலுக்கு வருவதே இல்லையே! வெளியிலிருந்து ஒருவர் போய்க் கையைப் பிடித்து நிறுத்தவும் முடியாது. கொதிக்கும் பாத்திரத்தை அப்போதுதான் தூக்கியிருப்பார். ஆகவே அவரேதான், வேலைக்கு நடுவில் கை ஒழியும் நேரம் பார்த்து, "சாத்தப் போகிறார்களா?" என்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். கர்னல் இழையும் அப்படியே. எந்த இடத்தில் நின்றால் ஆபத்தில்லை என்று அதை எழுதியவர் தீர்மானித்து, அந்த இடத்தில் பார்க்கும் கட்டளையை எழுதி வைக்க வேண்டும். அந்தக் கட்டளைக்கு 'ட்ரை டு ஃப்ரீஸ்' என்று பெயர். கூப்பிட்டிருந்தால் இழை அங்கே உறையும். இல்லையென்றால் ஒன்றும் நடவாததுபோல் வேலை தொடரும். உறையவைக்கும் உட்பகுதிக்கு 'ரெஃப்ரிஜிரேட்டர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நிரல் எழுதுவோருக்கும் நகைச்சுவை உண்டு போலும்.

ஏன் நிறுத்த வேண்டும்?

கணினியின் உறக்கம் இருவகை. ஒன்றில் நினைவகத்திற்கு மட்டும் மின்சாரம் விட்டு மற்றவற்றை அணைத்துவிடும். மற்றொன்றில் நினைவகத்தில் உள்ளதையெல்லாம் வட்டில் படமாக எழுதி வைத்துவிட்டு அடியோடு அணைந்துவிடும். இரண்டாவது வகையில்தான் ஆபத்து அதிகம்.

கணக்குப்பிள்ளை ஒருவர் பேரேட்டின் இருப்பை மனப்பாடம் செய்துகொண்டு தூங்குகிறார். தூங்கும்போது உதவியாளர் பேரேட்டைத் திறந்து இரண்டு பற்று எழுதிவிடுகிறார். கணக்குப்பிள்ளை எழுந்து, தம் மனத்தில் உள்ள பழைய இருப்பை நம்பி, மேற்கொண்டு எழுதத் தொடங்குகிறார். பேரேடு என்ன ஆகும்? நினைவகத்தைப் படமெடுத்த பிறகு ஏதாவது ஓர் இழை வட்டில் எழுதிவிட்டால் இதேதான் நேரும். எழுந்த கணினி, வட்டு பழைய நிலையில் இருப்பதாக நம்பி அதன்மேல் எழுதும். ஒரு கோப்பு போவதோடு நிற்காமல் கோப்பு முறைமை முழுவதுமே சிதையக்கூடும். இதைத் தடுப்பதே உறையவைத்தலின் முதல் நோக்கம். சாதனங்களை ஒவ்வொன்றாக அணைக்கும்போது யாரும் குறுக்கே வந்து அவற்றைத் தொடக்கூடாது என்பதும் ஒரு காரணம்.

சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு தூங்காதே

எங்கே நிற்பது என்ற கேள்விதான் இந்தப் பாடத்தின் உயிர்நாடி. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்கு ஒரு குறிப்பேடு உண்டு. அதைப் பராமரிக்கும் கர்னல் இழையின் பெயர் ஜேபிடி2. வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறை அது எழுந்து, எழுத வேண்டியது இருந்தால் எழுதி முடித்துவிட்டு மறுபடியும் காத்திருக்கும். தன் குறிப்பேட்டை வேறு எவரும் அதே நேரத்தில் மாற்றாதிருக்க ஒரு பூட்டையும் கையில் வைத்திருக்கும்.

"உறைந்து நில்" என்ற அழைப்பு வந்தால் அது என்ன செய்கிறது தெரியுமா? முதலில் பூட்டை விடுவிக்கிறது. அதன் பிறகே உறைகிறது. விழித்ததும் மறுபடி பூட்டை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. சாமான் அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருவர் தூங்கிவிட்டால், அரிசி எடுக்க வந்தவர் கதவோரம் நிற்பார், அவருக்காக அடுப்பருகில் மற்றொருவர் நிற்பார், கோயிலைச் சாத்தவே முடியாது. இந்த இழையை எழுதியவர்கள் ஒரு சிறு குறிப்பும் விட்டிருக்கிறார்கள்: நிற்கும் முன் குறிப்பேட்டை முழுவதும் வட்டில் தள்ளிவிடலாமே என்று நினைக்காதீர்கள், அதற்கு உதவ வேண்டிய வேறு இழைகள் ஏற்கெனவே உறைந்திருக்கலாம் என்பது அதன் கருத்து. எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் நிற்பேன் என்ற பிடிவாதமும் இங்கே தவறாகிவிடுகிறது.

உறையும்போது கையில் பூட்டு இருக்கிறதா என்று கர்னலே சோதித்து எச்சரிக்கும் ஏற்பாடு 2013-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. சேர்த்தவுடன் வலையமைப்புக் கோப்பு முறைமைகளிலிருந்து எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாக வந்ததால் அதை விலக்கி, பிறகு திருத்தங்களோடு மறுபடியும் சேர்த்தார்கள்.

காத்திருக்கும் இழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை இல்லாமல் தூங்கும் இழை, அழைப்பு வந்ததும் விழித்து, "எனக்கு வேலை வந்ததா? இல்லையே" என்று மறுபடி தூங்கிவிட்டால், அது அழைப்பைப் பார்க்கவே இல்லை. இருபது விநாடியும் வீணாகும். ஆகவே காத்திருக்கும் கட்டளையிலேயே உறைதலையும் சேர்த்து எழுத வேண்டும். தூங்குகிறவனை எழுப்பி "தூங்கு" என்று சொல்வது வேடிக்கைதான். அந்த வேடிக்கைக்கும் ஒரு முடிவு வந்தது: 2022-ஆம் ஆண்டு பீட்டர் ஸைல்ஸ்ட்ரா இந்தப் பகுதியின் அடிப்படையைத் திருத்தி எழுதினார். "என்னை இங்கேயே உறையவைக்கலாம்" என்று குறி வைத்துத் தூங்கும் பணியை எழுப்பாமலே உறைந்ததாக மாற்றிவிடலாம் என்றாயிற்று. அது 6.1 பதிப்பில் வந்தது.

மறந்தவர்களும் மாற்றிய விதியும்

வட்டுக்கு உறக்கம் என்னும் ஏற்பாட்டை லினக்ஸில் வளர்த்தவர்களில் செக் நாட்டுப் பாவெல் மாஹெக் முக்கியமானவர். தொடக்கத்தில் விதி இப்படி இருந்தது: எல்லாக் கர்னல் இழைகளும் உறைந்தாக வேண்டும், உறையக்கூடாத இழை தனக்கு விலக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும். வகுப்பறை அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் விளைவு புரியும். எங்கோ ஒரு சாதனத்துக்கு நிரல் எழுதுபவருக்கு உறக்கத்தைப் பற்றிய நினைப்பே இராது. அவர் பார்க்கும் கட்டளையை எழுத மறந்தால், அந்த ஓர் இழையால் கணினி முழுவதும் உறங்க முடியாமல் போகும்.

2007-ஆம் ஆண்டு போலந்து நாட்டு ரஃபேல் விசோட்ஸ்கி இவ்விதியைத் தலைகீழாக மாற்றினார். 2.6.23 பதிப்பு முதல் கர்னல் இழைகள் உறைய வேண்டியதில்லை என்பதே பொது விதி. உறைய விரும்பும் இழை 'செட் ஃப்ரீசபிள்' என்ற கட்டளையால் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுக்காமல் 'ட்ரை டு ஃப்ரீஸ்' என்று நூறு முறை எழுதினாலும் பயனில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரில்லாத மாணவன் "உள்ளேன் ஐயா" என்பதைப் போன்றது. மறதிக்கு இடம் கொடுத்து, மறந்தாலும் பெருங்கேடு வராதபடி விதியை அமைத்த இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது.

கர்னல் இழைகளை உறையவைக்கத்தான் வேண்டுமா என்ற வாதமும் அதே ஆண்டில் எழுந்தது. லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸே, நினைவகத்தோடு நிற்கும் உறக்கத்துக்கு இது தேவையில்லை என்ற பக்கம் நின்றார். சாதனங்கள் தத்தம் வேலையை ஒழுங்காக நிறுத்திக்கொண்டால் போதும் என்பது அவர் எண்ணம். 2015-இல் சியோல் நகரில் கர்னல் உருவாக்குநர்கள் கூடியபோது யிரி கோசினாவும் இதையே எழுப்பினார். காரணம் தெரியாமல் பிறர் எழுதியதைப் பார்த்துப் பலர் உறைதல் கட்டளைகளைச் சேர்த்திருக்கிறார்கள், கோப்பு முறைமையையே நேராக நிறுத்திவைப்பதுதான் முறை என்று அவர் வாதிட்டார். பார்த்து எழுதும் வியாதி பள்ளிக்கூடத்தோடு போவதில்லை என்று தெரிந்துகொண்டேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் ஜேபிடி2 போன்ற இழைகள் இன்றும் தாமாக நின்று தாமாகத் தொடர்கின்றன.

இந்தப் பொருளை விளக்கும் கர்னல் ஏடுகளில் ஓர் இந்தியப் பெயரும் இருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்ரீவத்ஸ பட் என்பவர் 2011-இல் ஒரு சிக்கலைத் தீர்த்தார். தன் வேலை முடியும்வரை கணினி உறங்கிவிடக்கூடாது என்று நினைக்கும் பணி ஒரு பூட்டை எடுக்கும். ஆனால் உறக்கம் தொடங்கியிருந்தால் அந்தப் பூட்டு உறக்கத்தின் கையில் இருக்கும். பணி பூட்டுக்காகக் காத்திருக்கும். உறக்கமோ அந்தப் பணி உறைவதற்காகக் காத்திருக்கும். நான் முந்தியா நீ முந்தியா என்று இருவரும் நின்றால் இருபது விநாடி கழிந்துவிடும். அப்படிக் காத்திருக்கும் பணி, "என்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள்" என்று முன்பே குறித்துவிட்டுக் காத்திருக்கட்டும் என்றார் அவர். பூட்டு கிடைக்கும்வரை அது எப்படியும் அசையப் போவதில்லை அல்லவா?

என் கணினியில் மறுத்தது யார்?

இவ்வளவும் படித்த பிறகுதான் அந்த இரவு விளங்கியது. அலுவலகக் கோப்புறையை என் கணினியில் காட்டிக்கொண்டிருந்தது எஸ்எஸ்எச்எஃப்எஸ் என்ற இடைத்தரகர் நிரல். அது கர்னலுக்கு வெளியே ஓடுவது. நான் சேமிக்கச் சொன்னபோது, என் பதிவேட்டு நிரல் கர்னலுக்குள் போய், அந்தத் தரகர் பதில் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து நான் மூடியை மூடினேன். வெளி நிரல்கள்தாம் முதலில் உறைய வேண்டும். கர்னல் இழைகளின் முறை அதன் பிறகே. தரகர் நல்ல பிள்ளையாக உடனே உறைந்துவிட்டது. உறைந்த தரகர் பதில் சொல்லுமா? பதில் வராமல் பதிவேட்டு நிரல் வாசலுக்கு வருமா? சைகை அதை எட்டவே இல்லை. 20 விநாடி கழிந்ததும் கணினி முயற்சியைக் கைவிட்டு எல்லாரையும் விடுவித்துவிட்டது. அதற்குள் நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அலுவலகத்தை விட்டு வந்துவிட்டேன், வலையமைப்பும் அறுந்தது. மீதி, மின்கலம் தீரும்வரை விழித்திருந்ததுதான். மறுக்கிறது என்று குறிப்பில் எழுதப்பட்ட அந்தப் பணி உண்மையில் மறுக்கவில்லை; தூங்கிவிட்ட ஒருவருக்காகக் காத்திருந்தது.

உங்கள் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி இருந்தால் அதன் உள்ளேயும் லினக்ஸ் கர்னல்தான். மேசையில் சும்மா கிடக்கும்போது அது உறங்குவதும் விழிப்பதுமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இந்த உறைதலும் விடுவிப்பும் நமக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருக்கின்றன.

இப்போது நான் மூடியை மூடும் முன் அலுவலகக் கோப்புறையின் இணைப்பை எடுத்துவிடுகிறேன். பெயர் சொல்லிப் பணம் கொடுப்பவர்களின் பெயர் முதலில் நோட்டுப் புத்தகத்தில் ஏறுகிறது. கணினி அதற்குப் பிறகுதான்.

கடைசியாக, வீட்டில் லினக்ஸ் கணினி வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு செய்முறை. சோதனை வசதியோடு கட்டப்பட்ட கர்னலில் 'பிஎம் டெஸ்ட்' என்ற கோப்பு ஒன்று இருக்கும். அதில் 'ஃப்ரீசர்' என்று எழுதிவிட்டு உறங்கச் சொன்னால், கணினி முழுவதும் உறங்காது. பணிகளை மட்டும் உறையவைத்து, 5 விநாடி காத்திருந்து, விடுவித்துவிடும். பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, திறந்த கோப்புகளைச் சேமித்துவிட்டுச் செய்யுங்கள். தங்கை மகன் ஆலய அலுவலகக் கணினியில் அதைச் செய்து காட்டினான். திரையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தின் விநாடி முள் நின்றது. நான் வாயால் ஐந்துவரை எண்ணினேன். முள் ஓடத் தொடங்கியது. பாதியில் நின்றிருந்த பெயரின் அடுத்த எழுத்தை நான் தட்டினேன்.